விலை குறைத்தவன் டீ வாங்கணும்

1

இருநூற்று அறுபத்து நான்கு. டீக்கடை அக்காவுக்குத் தர வேண்டிய பாக்கி. இந்தக் கதை அதிலிருந்துதான் கிளம்பியது. முதலில், ‘கம்ப்யூட்டர் சிப் என்பது நகத்தளவுப் பொருள், அதற்குள் உலகமே’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அதன் அட்டைப்பெட்டி மட்டும்தான். (நரைத்த பிறகு எழுத்துக் கற்றவன். வாக்கியம் நொண்டினால் கூடவே நடந்து வாருங்கள்.)

2

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சிப் கம்பெனி, அந்தப் பக்கம் அதன் போட்டிக் கம்பெனி, நடுவில் அக்கா கடை. இந்தப் பக்கத்து லோடுமேன் நம்மாள்; அவனும் அந்தப் பக்கத்து லோடுமேனும் ஒருத்தரையொருத்தர் மச்சான் என்பார்கள். அந்த வாரம் எந்தக் கம்பெனி விலை குறைக்கிறதோ, அந்தக் கம்பெனிக்காரன் டீ வாங்கணும். அவர்கள் போட்ட சட்டம்.

“உங்க மொதலாளி குறைச்சிட்டாராமே. எடு காசை.”

“என் பாக்கெட்டைக் காலி பண்ணவே குறைக்கிறாரு மச்சான்!”

ஒருநாள் இரண்டு கம்பெனியும் ஒரே நேரத்தில், ஒரே அளவு விலையை ஏற்றின. யார் வாங்குவது? “எழுதி வைங்கக்கா. முதல்ல குறைக்கிறவன் மொத்தத்தையும் குடுப்பான்.” யாரும் குறைக்கவில்லை. பாக்கி ஏறியது.

“ரெண்டு மொதலாளியும் ஒரே கிளாஸ்ல குடிக்கிறாங்க போல” என்று அக்கா சிரித்தாள்.

3

அப்படித்தான் குடித்திருந்தார்கள். கூடிப் பேசி விலை வைப்பது போட்டிச் சட்டப்படி குற்றம். விசாரணை வந்தது. கூடவே கம்பெனி வக்கீலின் உத்தரவு: எதிர்க் கம்பெனி ஆளோடு பேசினால் வேலை போகும்.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி கொடூரமாக…

வேண்டாம். அவரும் சம்பளத்துக்குச் சொன்னவர்தான். முதலாளிகள் பேசியது மாடியில், பேச்சு நின்றது ரோட்டில்.

மச்சான் கடைக்கு வரும் நேரத்தை மாற்றிக்கொண்டான். நம்மாளுக்கு வீட்டிலும் பேச ஆளில்லை.

4

அபராதம் கட்டினார்கள், வழக்கு முடிந்தது, உத்தரவும் போனது. நம்மாள் கம்பெனிதான் முதலில் விலை குறைத்தது. மொத்தக் காசோடு கடைக்கு ஓடினான். இன்றைக்கு மச்சானிடம் வயிறாரக் கிண்டல் வாங்கலாம்.

“காலையிலேயே அவன் பாதி குடுத்துட்டான்பா. அவன் பங்காம்.”

“பங்கா? நாங்க எப்பக்கா பங்கு போட்டோம்?”

அக்கா கிளாஸைக் கழுவினாள்.

5

மச்சான் திரும்பி வந்தான் என்று ஒரு முடிவு எழுதினேன். வேலைக்குப் பயந்தவன், பாவம். நம்மாளே எதிர் கேட்டில் போய் நின்றான் என்று இன்னொன்று. இரண்டிலும் கை ஓடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மீதி நூற்று முப்பத்திரண்டை வைத்தான். அக்கா ஈரத்துணியால் சிலேட்டைத் துடைத்தாள். பாக்கி தீர்ந்தது.

“டீ ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டாள்.

பதிலை நீங்கள் சொல்லுங்கள்.