வெந்நீரம்மாவின் மகள்

...கொதிக்க விடக் கூடாது, பாத்திரத்தின் அடியில் முத்து முத்தாகக் குமிழி கட்டும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், பிறகு பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டும், ஒன்றுக்கு ஒன்றா, இரண்டுக்கு ஒன்றா... அம்மா சொல்லியிருப்பாள், இந்த ஐம்பத்து நான்கு வருடத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருப்பாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளையே கேட்டுக்கொண்டு வரலாம் என்று கால் இரண்டடி நடந்தும்விட்டது, அப்புறம்தான் உறைத்தது. கேட்க வேண்டியவள் நேற்று மாலை ஐந்தரை மணிக்கு, மாத்திரைக்காக நான் ஊற்றிக் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டாள். எண்பத்தேழு வயது. இப்போது அவள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே அம்மாவிடமே இந்த வேலையைக் கற்றுக்கொண்ட தையல்கார அக்காவும் நர்சம்மாவும் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள், வெந்நீர் போட்டுக் கதவு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வாசலில் தம்பி வருகிறவர்களுக்கு நாற்காலி போடுகிறான், பத்து மணிக்கு வண்டி வந்துவிடும் என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்கிறான். ஆளுக்கொரு வேலை. யாருக்காவது தெரிந்தால் சிரிக்க மாட்டார்களா, வெந்நீரம்மா மகளுக்கு வெந்நீர் போடத் தெரியவில்லை என்று.

அந்தப் பெயர் அவளுக்கு எப்போது வந்தது... எனக்கு எட்டு வயதிருக்கும். எதிர்க் கடை மாடியில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்த ஒரு பெண் செத்துப்போனாள், துணிக்கடையில் மடித்து வைக்கிற வேலை பார்த்தவள், சொந்தம் என்று யாரும் வரவில்லை, படிக்கட்டில் நாலைந்து பேர் நின்று, யார் தொடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா காலைப் பிரார்த்தனையை முடித்து எழுந்தாள், வாளியில் வெந்நீர் எடுத்தாள், எங்கள் வீட்டுத் துண்டையே தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். திரும்பி வந்தபோது அப்பா ஏதோ முணுமுணுத்தார். "பொறந்தப்ப ஒருத்தி குளிப்பாட்டியிருப்பா இல்ல? போறப்பவும் ஒருத்தி வேணும்" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்தது. எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, அதற்கப்புறம் சுற்றியிருந்த ஐந்து தெருக்கள், எந்த வீட்டில் ஒரு பெண் இறந்தாலும் அம்மாவுக்குத்தான் ஆள் வரும். கல்யாணத்துக்குக் கூப்பிடாத வீடெல்லாம் சாவுக்குக் கூப்பிட்டது. ஒரு பை வைத்திருந்தாள், இரண்டு துண்டு, சோப்பு, பஞ்சு, நகவெட்டி. சாக்கடைத் தண்ணீர்ச் சண்டையில் இருபது வருடம் பேசாமலிருந்த பக்கத்து வீட்டுக்காரியையும் அவள்தான் குளிப்பாட்டினாள், வந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "இத்தனை வருஷம் என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, இன்னிக்கு நான் திருப்பின பக்கமெல்லாம் திரும்பினா" என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். எது சிரிப்பு, எது அழுகை என்று அவளிடம் பிரித்துப் பார்க்கவே முடியாது. தெருக்காரர்கள் கூட்டம் போட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள், சேவைத் திலகம் என்று எழுதியிருந்தது, காற்றில் பின்கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக்கொடுத்து வைத்தாள்.

பிரார்த்தனையும் அப்படித்தான். விடிவதற்கு முன்னால் அரை மணி நேரம், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உதடு மட்டும் அசையும். பெயர் சொல்லிக்கூட வேண்டமாட்டாள், முழங்கால்காரி, இருமல்காரர், கடன்பட்ட தச்சன், பிள்ளையில்லாத டீச்சர்... கடவுளுக்கு அடையாளம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. தம்பியும் நானும் போர்வைக்குள் கிடந்து எண்ணுவோம். முப்பத்து மூன்று பேர், ஒரு நாள் நாற்பது. எங்கள் பெயர் வரவே வராது. "எங்களுக்கு வேண்டிக்க மாட்டியாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "நீங்கதான் என் கண்ணு முன்னாலயே இருக்கீங்களே" என்றாள். அது என்ன பதில்? பக்கத்திலேயே இருப்பவர்களைக் கடவுள் கண்ணில் காட்ட வேண்டாம் என்றா, இல்லை எங்களைப் பார்த்துக்கொள்ள அவள் ஒருத்தியே போதும் என்றா... அப்போது எனக்கு முதலாவதுதான் பட்டது. ஊருக்கெல்லாம் அம்மா, மிச்சம் மீதி எங்களுக்கு.

பள்ளிக்கூடத்தில் என் பெயரும் வெந்நீர். "வெந்நீர் வருதுடி, தள்ளி நில்லு, கை பட்டா செத்துப்போயிடுவ." ஏழாம் வகுப்பு முழுவதும் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். அதை அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே, சொன்னால் பள்ளிக்கூடத்துக்கே வந்திருப்பாள், அந்தக் கையாலேயே எல்லாப் பிள்ளைகள் தலையையும் தடவிக் கொடுத்திருப்பாள், அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. அந்த வருடம்தான் காய்ச்சல் வந்தது. பிற்பகல், வெயில் கட்டில் கால் வரைக்கும் வந்திருந்தது. அம்மா யாரோ ஒருத்தியைக் குளிப்பாட்டிவிட்டு, தானும் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து என் நெற்றியில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. சுகமாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை, சுகமாக இருந்தும் சொன்னேன். "அந்தக் கையால என்னைத் தொடாத." அம்மா கையை எடுத்தாள். வெடுக்கென்று இல்லை, தூங்குகிற குழந்தையின் மேலிருந்து எடுப்பது போல, மெதுவாக. மறுநாள் வீட்டுக்குத் தெர்மாமீட்டர் வந்தது. அன்றிலிருந்து தம்பிக்குக் காய்ச்சல் என்றால் கை, எனக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர். அதை உதறி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூறு, நூற்றியொன்று என்பாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பதினோரு வயதில் தெரியவில்லை, சரி. இருபதில்? முப்பதில், என் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நின்றாளே, கம்பியைத்தானே பிடித்தாள், அப்போதாவது? ஒவ்வொரு வருடமும் அது சின்ன விஷயமாகத் தேய்ந்துவிடும் என்று நினைத்தேன், தேயவில்லை, கேட்க வெட்கமாகிற அளவுக்குப் பழசானதுதான் மிச்சம்.

என் பிழைப்பும் தொடாத பிழைப்புதான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன், முப்பது வருடமாக. லென்ஸை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், நடுவில் விரல் பட்டால் ரேகை விழும், புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் சொல்வேன். அம்மாவுக்கு எல்லாக் கண்ணாடியும் நானே செய்து கொடுத்தேன், வலது கண், இடது கண், எத்தனை வயதில் பவர் எவ்வளவு ஏறியது, கண்புரை அறுவைக்குப் பிறகு எவ்வளவு இறங்கியது, எல்லாம் மனப்பாடம். போன வருடம் கடைசிக் கண்ணாடியைப் போட்டுவிட்டேன், காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துச் சரி பார்த்தேன், அப்போதும் விரல் அவள் மேல் படாமல்தான். அம்மா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, எதிர்வீட்டுப் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சாதாரணமாக, கறிகாய் வாங்கி வரச் சொல்கிற குரலில் கேட்டாள். "ஏம்மா, நான் போனா நீ என்னைக் குளிப்பாட்டுவியா?" "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? அதுக்குத்தான் தையல்கார அக்கா இருக்காங்களே." அம்மா தலையாட்டினாள். "ஆமா ஆமா. அவ நல்லாச் செய்வா." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். புதுக் கண்ணாடியில் துடைக்க என்ன இருந்தது? நான் டீ போட எழுந்து போய்விட்டேன். எழுந்து போவதில் எனக்கு நிகர் யார்.

"தண்ணி!" உள்ளேயிருந்து அக்காவின் குரல். தூக்கிக்கொண்டு போகிறேன், கதவு ஒரு சாண் திறக்கிறது, நனைந்த கை மட்டும் வந்து வாளியை வாங்கிக்கொள்கிறது. "சரியான சூடு. பரவால்லயே நீ." மெச்சுகிறாள், எனக்குக் குறுகிப்போகிறது. கதவு மூடுகிறது, ஆனால் முழுதாக மூடவில்லை, நான் திரும்பி நடக்காமல் நின்றுகொண்டிருக்கிறேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம் அக்கா யாரிடமோ பேசுகிறாள், நர்சம்மாவிடம் என்றுதான் முதலில் நினைத்தேன்... "கையைத் தூக்கறேன்மா, வலிக்காது. இப்ப இந்தப் பக்கம் திரும்பிக்கலாமா? அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு, குளுருதா? இதோ போத்திடறேன்." அம்மாவிடம் பேசுகிறாள். உயிரோடு இருக்கிறவளிடம் பேசுகிற மாதிரி, அனுமதி கேட்டுக் கேட்டு. இந்தப் பேச்சு தையல்கார அக்காவுடையது இல்லை. அவள் கடையில் பேசுகிற தினுசே வேறு, அளவு எடுக்கும்போது, "மூச்சை இழுக்காத, துணிதான் வீணாகும்" என்று அதட்டுகிறவள். அப்படியானால் இது... நாற்பத்தைந்து வருடம் அம்மா அந்த அறைகளுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, இப்படித்தான் பேசியிருக்கிறாள். ஐந்து தெருவுக்கும் பேசியிருக்கிறாள், சண்டைக்காரியிடம் பேசியிருக்கிறாள், யாருமில்லாதவளிடம் பேசியிருக்கிறாள். அம்மாவின் குரலில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. இன்றைக்கு வேறொருத்தி வாயில் கேட்கிறேன்.

"அக்கா." தம்பி பின்னால் வந்து நிற்கிறான், கண் சிவந்திருக்கிறது. "வண்டிக்காரர் சீக்கிரமே வந்துட்டாரு. எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கறாரு." எனக்கு எப்படித் தெரியும், நான் வெளியில் நிற்கிறவள். "காத்திருக்கச் சொல்லு" என்கிறேன். அவன் கதவைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். "நீ உள்ள போகலயா?" குற்றம் சொல்கிற குரல் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிறான், நெற்றியில் அம்மாவின் கை பட்டே வளர்ந்தவன், அவனுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. "போறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. வளையலைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். கதவைத் தள்ளினேன்.

உள்ளே சோப்பு வாசனை, ஈரத் தரை. நர்சம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள், இடுப்பு வலியோடு இவ்வளவு நேரம் குனிந்திருந்தவள். தையல்கார அக்கா ஒரு துணியை நனைத்துப் பிழிந்து என்னிடம் நீட்டினாள். "முன்பக்கம் முடிஞ்சிடுச்சு. முதுகு மட்டும்தான் பாக்கி. நான் சாய்ச்சுப் பிடிச்சுக்கறேன், நீ துடை." அம்மாவைத் தன் பக்கமாகச் சாய்த்தாள், அம்மா லேசாகத்தான் இருந்தாள், ஊரையே தூக்கித் திருப்பியவள் உலர்ந்த துணி மாதிரி சாய்ந்துகொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும், அனுமதி கேட்க வேண்டும், "அம்மா" என்று மட்டும் சொன்னேன். கழுத்திலிருந்து கீழே துடைத்துக்கொண்டு வந்தேன். இடது தோள்பட்டைக்குக் கீழே, விலாவோடு வளைந்து, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தழும்பு. வெளுத்து, பளபளத்து, நடுவில் கொஞ்சம் சுருங்கி. கை நின்றுவிட்டது.

"இது எப்ப பட்டதும்மா?" தையல்கார அக்கா என்னைத்தான் கேட்கிறாள். "உன்னைக் கேக்கணும்னு இப்பதான் பேசிக்கிட்டிருந்தோம். எங்ககிட்ட அம்மா சொன்னதே இல்ல." நர்சம்மா குனிந்து விரலால் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ரொம்ப நாளானது. தையல் போட்ட தழும்பு இல்ல இது. ஆஸ்பத்திரிக்கே போகாம தானா ஆறியிருக்கு." இருவரும் என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். மகள் ஆயிற்றே, தெரியாமலா இருக்கும். நான் பிறப்பதற்கு முன்னாலா, அப்புறமா, விழுந்தாளா, சுட்டுக்கொண்டாளா, யாராவது... அப்பாவா? இல்லை, அவர் அப்படி இல்லை, இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும். அப்பா போய்ப் பதினெட்டு வருடம், அம்மாவின் அக்காவும் போய்விட்டாள், தம்பியைக் கேட்டால் என்னையேதான் திருப்பிக் கேட்பான். "தெரியலக்கா" என்றேன். ஆறுவதற்கு எத்தனை நாள் பிடித்திருக்கும், மல்லாந்து படுக்கவே முடிந்திருக்காதே, முதுகில் கை எட்டாத இடம், தானே மருந்து போட்டிருக்க முடியாது, யாராவது ஒருத்தி போட்டுவிட்டிருக்க வேண்டும். யார் அவள்? துணியை அந்த இடத்தில் அழுத்தாமல் வைத்தேன். "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன், சத்தமாகவே.