இறங்கி வந்த மாடி

அந்த இசை அரங்கத்தின் மாடி, பாட்டு பிடித்துவிட்டால் மேடையை நோக்கி இறங்கி வரும். ஒருமுறை அது இறங்கிய இறக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே தான் டிரம்பெட்காரருக்குக் கைகொடுத்ததாகவும், அவர் வாசிப்பை நிறுத்தாமல் இடது கையால் குலுக்கியதாகவும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சொல்லிவந்தார். சலூன், ரேஷன் வரிசை, பல் டாக்டரின் நாற்காலி என்று இடம் பாராமல் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கக்கூட மறுத்தவர் அவருடைய சம்பந்தி, பாலம் கட்டும் இன்ஜினியர். “கான்கிரீட்டுக்குக் காது கிடையாது, சம்பந்தி” என்று பேப்பரை விரித்துக்கொள்வார்.

இன்ஜினியரின் மகள், அதாவது டிரைவரின் மருமகள், பாடகி. தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு குரல் பாதியாகிவிட்டது. அந்த அரங்கத்திலோ, யாராக இருந்தாலும் முதல் பாட்டுக்கு மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். அங்கேதான் திரும்பப் பாடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள் அவள். கேட்கவில்லையென்றால் பாட்டை விட்டுவிட்டுத் தன் ஆபீசுக்கு வேலைக்கு வந்துவிட வேண்டும் என்றார் அப்பா.

“சரிப்பா. ஆனா கடைசி வரிசையில நீங்களே உக்காரணும். வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டீங்க.”

அன்று மாலை டிரைவர் சம்பந்தியைத் தேய்ந்த படிகளில் ஏற்றி, முழங்கைகள் பட்டுப் பட்டுப் பளபளத்த பித்தளைக் கம்பியைத் தாண்டி, கடைசி வரிசையில் உட்காரவைத்தார். இன்ஜினியர் தூணைத் தட்டிப் பார்த்து, இது அசையாது என்றார். “பாட்டு ஆரம்பிக்கட்டும்” என்றார் டிரைவர்.

முதல் இரண்டு வரிகளுக்கு அவள் உதடு அசைந்ததுதான் தெரிந்தது. இன்ஜினியர் தரையைப் பார்த்தார்; ஜெயித்தவர் முகமாக அது இல்லை. டிரைவரின் வலது கால் தானாக ஆக்ஸிலரேட்டரைத் தேடியது. அவள் கத்தவில்லை. இருக்கிற குரலை இம்மியும் கூட்டாமல் குறைக்காமல், கண்ணை மாடியில் வைத்துப் பாடினாள். மூன்றாம் வரியில் தூண்கள் பழைய பஸ்ஸைப் போல முனகின. டிக்கெட் கிழிப்பவர் வெற்றிலைக் கடையில் சில்லறை கேட்கும் குரலில், “கீழ இருக்கிறவங்க கொஞ்சம் குனிஞ்சுக்கங்க, மாடி வருது” என்றார். கீழே இருந்தவர்கள் பைகளை மடியில் எடுத்துக்கொண்டு குனிந்தார்கள். மாடி நானூறு பேரோடும் இறங்கியது. அவள் கழுத்துத் தழும்பு தெரிந்தது. ஒவ்வொரு வரிக்கு முன்பும் அவள் இழுத்த மூச்சு கேட்டது. அப்பாவின் முகத்துக்கு நேராகப் பாடி முடித்தாள்.

கச்சேரி முடியும்வரை மாடி அங்கேயே நின்றது. பிறகு, தூங்கிவிட்ட ஓரிருவர் விழித்துவிடாதபடி மெதுவாக ஏறிக்கொண்டது.

“மாடிதான் வந்துச்சு, குரல் வரலைன்னு கணக்குச் சொல்லுவீங்களோ?” என்று டிரைவர் முந்திக்கொண்டார். “போன வாரம் ஒருத்தர் உயிரை விட்டுக் கத்தினார். இது ஒரு அடி மேலே போயிடுச்சு.”

இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி துடைத்தார்.

“இறங்குச்சு, சம்பந்தி. நான் பாத்தேன். ஆனா இடது பக்கம் ரெண்டு அங்குலம் கூடுதலா இறங்குது. அடுத்த தடவை அவ பாடறதுக்குள்ள சரிபண்ணச் சொல்லுங்க.”