அழித்த தடத்தில் இறங்கும் குரல்

"நாலு மணிக்கு ஒரு பேர் சொல்லியாகணும், காது சார். ரெண்டு பேர் சொன்னா நேயருங்க என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

அறிவிப்பாளர் கதவுக்குள் தலையை மட்டும் நீட்டிச் சொன்னாள். வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவாளருக்கு எல்லோரும் வைத்த பெயர் காது. பக்கத்து அறையில் குழாய் சொட்டினாலும் எந்தச் சுரத்தில் சொட்டுகிறது என்று சொல்லிவிடுவார்.

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றார்.

"உங்க அண்ணன். உங்க ஒலிநாடா. உங்களுக்குத் தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்?"

விஷயம் இதுதான். ராக், ப்ளூஸ் நிகழ்ச்சிக்காக, மனசுக்குப் பிடித்த ஸ்லைடு கிடார் கலைஞர் யார் என்று நேயர்களிடம் கேட்டிருந்தார்கள். முதல் ஒன்பது இடங்கள் உலகம் அறிந்தவர்களுக்குப் போயின. பத்தாவது இடம், ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்துவிட்டுக் கலைந்துபோன ஓர் உள்ளூர்க் குழுவுக்கு. யாரும் பெயர் எழுதவில்லை. 'அந்தப் பாட்டில் வாசித்தவர்' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

அந்தக் குழுவில் ஸ்லைடு வாசித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் காதின் அண்ணன், இறந்து ஒன்பது வருடம். மற்றவருக்கு மோதிரம் என்று பட்டப்பெயர். பாட்டில் இருப்பது அண்ணன்தான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் மோதிரம் இரண்டு வரியில் ஒரு கடிதம் போட்டார்: 'அதை வாசித்தது நான். சாவு வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.'

அண்ணி மதியமே வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் காலையில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். பாட்டுக்கு நடுவே பதில் வேறு சொல்வாள். "உப்பு தீந்துபோச்சு, கேட்டுச்சா?" என்று அவள் சொல்வதைக் காது தன் காதாலேயே கேட்டிருக்கிறார். இப்போது அது வேறு ஆள் என்றால்?

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. அது விரலில் இருந்தது.

சாதாரணமாகக் கிடாரில் தந்தியை விரலால் அழுத்தினால், அது கழுத்தில் பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகக் கம்பியில் போய் உட்காரும். சுரம் அங்கேயே நிற்கும். ஸ்லைடு வாசிப்பவர் தந்தியை அழுத்துவதே இல்லை. விரலில் ஒரு கண்ணாடிக் குழலை மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் மெல்ல வழுக்கிக்கொண்டு போகிறார். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கிற எல்லா இடமும் ஒலிக்கும். மனிதக் குரல் ஏங்குவதுபோலக் கேட்பது அதனால்தான்.

ஆனால் குழல் தொட்ட இடத்தில் தந்தி இரண்டாகப் பிரிகிறது. முன்னால் இருக்கிற பகுதியைத்தான் மீட்டுகிறோம். பின்னால் இருக்கிற பகுதியும் சும்மா இருப்பதில்லை, மெல்ல அதிரும். குழல் மேலே போகப் போக முன்பகுதி குறுகும், குரல் ஏறும். அதே நேரம் பின்பகுதி நீளும், அதன் குரல் இறங்கும். ஒரே தந்தியில் ஒருவர் மாடிப்படி ஏற, இன்னொருவர் இறங்குகிற கதை. இந்த இறங்கும் நிழலைப் பலர் விரும்பமாட்டார்கள். குழலை மோதிர விரலில் மாட்டி, சுட்டுவிரலையும் நடுவிரலையும் பின்னால் தந்திமேல் வைத்து அடக்கிவிடுவார்கள். மோதிரத்துக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

அண்ணன் குழலைச் சுட்டுவிரலில் மாட்டினார். பின்னால் அடக்க விரலே கிடையாது. அதனால் அவர் பெயர் சுட்டி. குறும்புக்காரர் என்பதாலும் பெயர் பொருந்திப்போயிற்று. "நிழலை ஏண்டா துரத்தறீங்க, அது பாட்டுக்குக் கூட வந்துட்டுப் போகட்டுமே" என்பார்.

ஆக, நாடாவில் நிழல் இருந்தால் அண்ணன். இல்லாவிட்டால் மோதிரம். ஒலிபரப்புப் பிரதியைக் கேட்டுப் பயனில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதைத் தயார் செய்தவர் காதேதான். அடியில் ஒரு முனகல் கேட்டது. கரண்ட் கோளாறால் வரும் முனகல் என்று நினைத்துச் சுத்தமாக வடிகட்டித் தள்ளிவிட்டார். மூல நாடாவைத்தான் கேட்க வேண்டும்.

பழைய நாடாவில் காந்தத் தூளை ஒட்டிவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும். அப்படியே ஓட்டினால் தூள் உதிர்ந்து எந்திரத்தில் அப்பிக்கொள்ளும். எனவே முந்தைய நாள் பகல் முழுக்க அதை இளஞ்சூட்டில் உலர்த்தி வைத்திருந்தார். இரண்டரை மணிக்கு ஓடவிட்டார். குழுவின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித் தடம். கிடார் தடத்தை மட்டும் திறந்தார்.

கிடார் ஏறியது. அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, இன்னொன்று இறங்கியது.

காது நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணன்தான்! எழுந்து கதவுவரை போய்விட்டார், அண்ணியிடம் சொல்ல. கைப்பிடியில் கைவைத்தவர் அப்படியே நின்றார்.

பாட்டின் நடுவில் கிடார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் இடம் அது. குழல் நின்றால் நிழலும் நிற்க வேண்டும். நிழல் நிற்கவில்லை. அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது.

ஆள் நிற்கும்போது நிழல் நடந்தால், அது அந்த ஆளின் நிழல் இல்லை.

மோதிரத்துக்குப் போன் போட்டார். "அண்ணே, நீங்க வாசிக்கும்போது கூட யாராவது வாசிச்சாங்களா?"

"கூடவா? நான் மட்டும்தான்பா. தனி ரூம்."

"அடியில எங்க அண்ணன் வாசிக்கறது கேக்குது."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம்.

"அவன் காலையில வாசிச்சான்," என்றார் மோதிரம். "அதே தடத்துல. வாசிச்சு முடிச்சுட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டான். நல்லா இல்லைன்னு எங்களுக்குத் தோணுச்சு. அந்த நிழல் ஊளையிடற மாதிரி இருக்குன்னாங்க. அழிச்சுட்டு, மேலயே என்னை வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சேன்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"யாரும் சொல்லல. ரேடியோல வந்தப்பதான் அவனுக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை கேக்கலப்பா அவன். கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

காதுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. எந்திரத்தில் பழைய பதிவை அழிக்கும் முனை கூர்மையான, உயர்ந்த ஒலிகளை முழுசாகத் துடைத்துவிடும். தாழ்ந்த ஒலிகள் அவ்வளவு எளிதில் போவதில்லை, தேய்ந்த எந்திரத்தில் கொஞ்சம் தங்கிவிடும். அண்ணன் வாசித்த பாட்டு போய்விட்டது. அவர் விரட்டாமல் விட்ட நிழல் மட்டும் தங்கியிருக்கிறது. மிச்சமிருந்த அதையும் முனகல் என்று வடிகட்டியது கூடப்பிறந்த தம்பி. பிரதி முதன்முதலில் ஒலிபரப்பான அன்று அண்ணன் கேட்டது நினைவுக்கு வந்தது. "எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டியாடா?" "ஆமாண்ணே, அடியில ஒரு முனகல் இருந்துச்சு, எடுத்துட்டேன்." "சரி," என்றார் அண்ணன். அவ்வளவுதான்.

மூன்றரைக்கு அண்ணியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பொய் சொல்லியிருக்கலாம். நிழல் இருக்கிறது, அண்ணன்தான் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? எல்லாவற்றையும் சொன்னார், தான் வடிகட்டியது உட்பட. அண்ணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இந்தப் பாட்டு ரேடியோல வந்தா எழுந்து வெளிய போயிடுவார்," என்றாள். "கூச்சம்னு நெனச்சேன், தம்பி."

காது நாடாவைப் பின்னால் சுற்றத் தொடங்கினார்.

"அப்ப ஒன்பது வருஷமா நான் மோதிரத்துக்கிட்டயா உப்பு தீந்துபோச்சுன்னு சொல்லிட்டிருந்தேன்?"

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பிறகு, "அவரை மட்டும் கேக்க முடியுமா?" என்றாள்.

காது உயர்ந்த ஒலிகளை எல்லாம் அடக்கினார். அறையில் அந்த ஒன்று மட்டும் நின்றது. மேலே ஏறிய பாட்டு இல்லாமல், அது மட்டும் படிப்படியாக இறங்கியது. அண்ணி கண்ணை மூடவில்லை. யாரோ உள்ளே வரப்போவதுபோலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பாளர் தலையை நீட்டினாள். "பத்து நிமிஷம்தான் இருக்கு. யார் பேரு?"

காது அண்ணியைப் பார்த்தார்.

"வாசிச்சவர் பேரையே சொல்லுங்க," என்றாள் அண்ணி. "மோதிரம்னு. ஆனா சுத்தம் பண்ணாததைப் போடுங்க."

"அம்மா, அதுல ஏதோ முனகுதுன்னு சார் சொன்னாரே?"

"முனகட்டும்."

நான்கு மணிக்கு ஒலிபரப்பில் மோதிரத்தின் பெயர் போயிற்று. பாட்டும் போயிற்று. அரை நிமிடத்துக்குள் தொலைபேசியில் விளக்கு மின்னத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக எல்லாம். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை விட்டு நகர முடியாது. காதின் இரண்டு கையும் நாடா எந்திரத்தின் மேல் இருந்தன. தூள் உதிர ஆரம்பித்திருந்தது. இன்னொரு முறை இது ஓடாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணி எழுந்துபோய் ரிசீவரை எடுத்தாள். "ஏங்க, பின்னாடி யாரோ இருக்கற மாதிரி கேக்குது, ரேடியோவுல கோளாறா?" என்று மறுமுனையில் யாரோ கத்தியது காதுக்கே கேட்டது.

"கோளாறெல்லாம் இல்லைங்க," என்றாள் அண்ணி. "அது எங்க வீட்டுக்காரர்."