கோட்டுப் போடாத அப்பா

மேத்யூவின் வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. நேற்று விடியற்காலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்ததிலிருந்து தூங்காத உடம்போடு, அப்பாவின் சவப்பெட்டியை மற்றவர்களோடு வேனிலிருந்து இறக்கி, ஃபிளாட்டுக்குக் கீழே போட்டிருந்த கூடாரத்துக்குள் தூக்கி வைத்திருந்தான். உட்காரலாமென்று நாற்காலியை இழுத்தபோதுதான் குரல் கேட்டது.

"அத வைக்காதீங்க சித்தப்பா."

தங்கை ஜோவான். பெட்டியின் தலைமாட்டில் நின்ற சித்தப்பா தங்கராஜுவின் கையில் கண்ணாடி போட்ட பெரிய படம். அடையாள அட்டைப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து, கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் ஒட்டி வாங்கி வந்திருந்தார். இங்கே பல வீடுகளில் அப்படித்தான். ஆயுசெல்லாம் மீன் வெட்டியவரும் செத்த மறுநாள் மேனேஜர் ஆகிவிடுவார்.

அப்பா வேதநாயகம் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிடங்குகளில் வெங்காய மூட்டை தூக்கியவர். நேற்றுக் காலை லாரியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி, அதன்மேலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"ஏன் வைக்கக்கூடாது? ஃபாதர் வருவாரு, ஒங்க டீச்சரு வருவாங்க. அண்ணனுக்கு ஒரு மரியாத வேணாமா?"

"அப்பாகிட்ட கோட்டு இருந்திச்சா?"

"அதான் இப்ப குடுத்திருக்கேன்லா!"

"இல்லாதத ஒட்டினா அது அப்பா இல்ல. வேற யாரோ."

"ஸ்கூல்ல படம் புடிக்கச் சொல்லிக் குடுத்தா, சாவு வீட்டுல வந்து சட்டம் பேசுது பாரு."

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் மேத்யூவும் சிரித்திருப்பான். ஜோவான் ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம். பள்ளி இதழுக்கு நிருபரும் அவளே, படம் எடுப்பவளும் அவளே. ஷாஹிரா டீச்சரின் இதழியல் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒருவரும் வதந்தி பேச முடியாது. "யாரு பாத்தா? பேரச் சொல்லு" என்று பிடித்துக்கொள்வாள். லீவில் பள்ளிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பாவோடு கிடங்குக்குக் கிளம்பியபோது, "ரிப்போர்ட்டரம்மா மூட்ட தூக்கப் போறாங்க" என்று கேலி செய்தவன் மேத்யூ.

அவள் சித்தப்பாவோடு மேலே வாதாடவில்லை. கேமராவின் திரையில், கிடங்கில் எடுத்த ஒரு படத்திலிருந்த அப்பாவின் முகத்தைப் பெரிதாக்கி அம்மா தெரேசாவிடம் நீட்டினாள்.

செபமாலை உருட்டிய விரல்கள் நின்றன.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அழுக்குத் துண்டு. தலைமுடியில் வெங்காயச் சருகு. மூட்டைக் கொக்கி பட்டு முன்பல் உடைந்த மனிதர். கேமராவைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வார். கல்யாணப் படத்தில்கூட அப்படித்தான். இதில் அந்த ஓட்டைப் பல் அப்பட்டமாகத் தெரிந்தது.

"எப்பிடிடி சிரிக்க வச்ச?" அம்மா கேமராவைக் கையில் வாங்கினார்.

"நான் வைக்கலம்மா. நான் நிக்கிறத அவரு மறக்குற வரைக்கும் நின்னேன். லீவு பூரா நின்னேன்."

மேத்யூ எட்டிப் பார்த்தான். ஒரே வீட்டில் சோறு தின்று வளர்ந்தும் தனக்கு அகப்படாத சிரிப்பு. மெஷின் முன்னால் கால்கடுக்க நிற்கிறவனுக்குத் தெரியும், நிற்பது எவ்வளவு கனமான வேலையென்று.

அம்மா சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார்: "தம்பி, அந்தக் கோட்டுப் படத்த மேல வீட்டுல வச்சிருங்க."

மேத்யூ மோட்டார் சைக்கிளை உதைத்தான். "ஏறு, ஸ்டூடியோ கடைக்குப் போய் இந்தப் படத்தக் கழுவி எடுத்துட்டு வந்துருவோம்." ரிப்போர்ட்டரம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

மாதா கோவிலுக்குப் புறப்படுமுன் புதுப் படம் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. அழ வந்தவர்கள் அதைப் பார்த்ததும் ஒரு கணம் சிரித்து, அப்புறம்தான் அழுதார்கள். கோணியிருந்த மாலையைச் சித்தப்பாவே நேராக்கினார்.

கிடங்கு ஆட்கள் வேலை உடுப்போடு வந்தார்கள். முன்னால் முஸ்தஃபா, அப்பாவோடு மூட்டையின் மறுமுனையைப் பிடித்தவர். படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"அன்னிக்கு நான், எங்கள வேல வாங்குற மண்டோர் மாதிரி பேசிக் காட்டினேன். அதுக்குத்தாம்மா இந்தச் சிரிப்பு." கண்ணாடியின் வலது ஓரத்தைத் தொட்டார். "இங்கதான நான் உக்காந்திருந்தேன்?"

அந்த ஓரத்தில், அப்பாவின் தோள்மேல் நாலு விரல்கள் மட்டும் இருந்தன.

ஜோவானின் முகம் வெளிறியது. கடைக்காரன்மேல் பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை.

"நான்தான் வெட்டினேன் மாமா. அப்பா மட்டும் போதும்னு நெனச்சிட்டேன்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். மேத்யூவுக்கு அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்போல் இருந்தது, நின்றான்.

முஸ்தஃபா மூக்கை உறிஞ்சிச் சிரித்தார். "போவுது, வெரலையாச்சும் விட்டு வச்சியே. எனக்கு முழுசா ஒண்ணு கழுவிக் குடும்மா. அவனும் நானும் சேந்து எடுத்த படம் வேற கெடையாது."

"தரேன் மாமா."

ஃபாதர் செபத்தை முடித்தார். மூடியைப் போட்டார்கள். பெட்டியின் ஒரு பக்கம் மேத்யூ, மறுபக்கம் முஸ்தஃபா. படத்தை நெஞ்சோடு பிடித்து ஜோவான் முன்னால் நடந்தாள். முஸ்தஃபாவுக்கு அவள் ஒரு முழுப் படம் தர வேண்டியது பாக்கி.