இருபத்து மூன்றாம் நம்பர் மரம்

சவப்பெட்டி ஏற்றிய வேன் சவுக்குத்தோப்பு ஓரம் வந்து நின்றபோது நான் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். உபதேசியார் மரியதாஸ் வரப்பு மேல் மூச்சிரைக்க ஓடிவந்தார். ரேஞ்சர் அமிர்தராஜ் திண்டிவனத்தில் செத்துப்போனாராம். தான் வளர்த்த தோப்புக்குள்தான் புதைக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறாராம். காட்டிலாகா சரி சொல்லிவிட்டது. ஆனால் தோப்புக்குள் யார் யாருக்குக் கல்லறை உண்டோ அவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். எல்லோரும் தலையாட்டியாயிற்று, இன்னாசிமேரி நீ ஒருத்திதான் பாக்கி என்றார் மரியதாஸ். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் பேசுவேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில், அது தோப்பே இல்லை. எங்கள் ஊர்க் கல்லறை. மணல்மேடு முழுக்க மரச்சிலுவைகள். என் தலைச்சன் மகள் ஆனந்தம்மாள், பதினோரு மாதக் குழந்தை, காய்ச்சலில் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அப்போதுதான் இந்த மனுஷர் காக்கி அரைக்கால் சட்டையோடு வந்து இறங்கினார். காற்றடி காலத்தில் மணல் பறந்து உப்பளத்தையும் குடிசைகளையும் மூடுகிறது, கரை முழுக்கச் சவுக்கு வைத்தால்தான் ஊர் பிழைக்கும் என்றார். கல்லறையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினோம். நடுவில் வழி விட்டால் மணல் அந்த வழியாகவே வந்துவிடுமாம். நாங்கள் உப்பளத்தில் இருந்த ஒரு பகலில் சிலுவைகளைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு கன்று, பக்கத்தில் குச்சி, குச்சியில் தகர நம்பர். உன் பிள்ளை இருபத்து மூன்று என்று என்னிடம் சொன்னார், பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி.

மற்ற ஊர்களில் கல்லறைத் திருநாளுக்குச் சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நாங்கள் நம்பரைத் தேடிப்போய் மரத்தடியில் ஏற்றுவோம். இன்னும் கேளுங்கள். அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் கூலி வேலைக்குப் போனவள் நான். மணலில் தோண்டிய ஊற்றில் மொண்டு, கன்றுக்கு ஒரு குடம், மூன்று வருஷம். என் பிள்ளை தலைமேல் நானே ஊற்றி அந்த மரத்தை வளர்த்தேன். அவர் நல்லது செய்யவில்லை என்று சொல்லவும் வாய் வரமாட்டேன் என்கிறது. எழுபத்திரண்டாம் வருஷப் புயலில் பக்கத்துக் குப்பத்தில் ஒரு கூரை மிஞ்சவில்லை. எங்கள் வீட்டில் சட்டிபானைகூட உருளவில்லை. என் கோபமே அதுதான்.

வேன் பக்கத்தில் அவருடைய மகள் ஞானமேரி டீச்சர் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா கடைசி வரைக்கும் இந்த ஊரப் பத்திதாம்மா பேசினாரு. மணல் நின்னுச்சா, மணல் நின்னுச்சான்னு."

"எங்க புள்ளைங்களப் பத்தி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு கேட்டதில்லம்மா."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவே அவளைப் பிடித்துப்போயிற்று, ஆனாலும் என் வாய் நிற்கவில்லை.

"பொதைங்க. ஆனா சிலுவ நடக்கூடாது. மேடு கட்டக்கூடாது. மேல ஒரு சவுக்குக் கண்ணு வைங்க, எங்களுக்கு அவரு வெச்ச மாதிரியே."

"ஏம்மா, அவரு கிறிஸ்தவர் இல்லியா?" என்றார் மரியதாஸ்.

"என் புள்ள யாரு?"

டீச்சர் பெட்டியின் மேல் கையை வைத்து, சரிம்மா என்றாள். நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. புறப்படும்போது வேனில் ஒரு கால் வைத்தவள் திரும்பிக் கேட்டாள்.

"கண்ணுக்கு யாரும்மா தண்ணி ஊத்துவா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. நேரே உப்பளத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் காலையில் போனேன். பங்குனி வெயிலில் கன்றின் நுனி பழுத்துத் தொங்கியது. ஒருத்தரும் ஒரு கை தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. சாகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். செத்தால் அங்கே வெறும் மணல்தான். அப்பா எங்கே கிடக்கிறார் என்று அந்தப் பெண் தேடிவந்தால் காட்ட ஒரு தகர நம்பர்கூடக் கிடையாது. அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்துவந்தேன். பழைய ஊற்று தூர்ந்து கிடந்தது, கையாலேயே தோண்டினேன். முதல் குடத்தை இருபத்து மூன்றின் அடியில் ஊற்றினேன். அத்தனை பெரிய மரத்துக்கு அது எதற்கு? ஆனாலும் ஊற்றினேன். இரண்டாம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கன்றின் முன்னால் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். குடம் கனத்தது. விளிம்பில் தளும்பிய தண்ணீர் கொஞ்சம் சிந்தி, கன்றடி மணலில் விழுந்த இடம் கறுத்தது.