விஞ்ஞானியின் வேப்பிலைத் தீவனம்

கோழி வளர்ப்பின் வரலாறு இனி வேப்பிலைக்கு முன், வேப்பிலைக்குப் பின் என்று இரண்டாகப் பிரியும் என்று மூத்த மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். கோழிகள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. இலைப்பொடி கலந்த தீவனத்தை ஒரு கொத்து கொத்திவிட்டு அலகைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தன.

பண்ணையை யாரிடம் ஒப்படைப்பது என்று பார்க்க, மாமனார் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கொட்டகை கொடுத்திருந்தார். அடுத்த வருடக் கோடையில் எவர் கொட்டகையில் முட்டை அதிகமோ, அவருக்கே பண்ணை. இளையவர் கடைத் தீவனத்தைக் கொட்டிவிட்டு மதியம் கொட்டகையிலேயே தூங்குகிறவர். மூத்தவர் எதையாவது படித்துவிட்டு வந்து எல்லோரையும் உட்கார வைத்து விளக்குகிறவர். வீட்டில் அவருக்கு 'விஞ்ஞானி' என்று பெயர்.

முதல் கோடையில் விஞ்ஞானியின் கொட்டகை சக்கைப்போடு போட்டது. அது பெரிய வேப்பமரத்தடியில் இருந்ததை அவர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அந்த மரத்திலேயே கிளைகளை வெட்டி, அதன் நிழலிலேயே இலையை உலர்த்தி, அரைத்துக் கலந்தார். மழைக்காலத்தில் இரண்டு கொட்டகையும் சமமாகிவிட்டன. இலை போதவில்லை என்று மேலும் சில கிளைகளை இறக்கினார். குளிர்காலத்தில் மொட்டைக் கிளைகளுக்கு நடுவே காலை வெயில் இதமாகக் கூரைமேல் விழ, கோழிகள் குஷியாக முட்டையிட்டன. அதன் பிறகு விஞ்ஞானியைக் கையில் பிடிக்க முடியவில்லை. பண்ணை கைக்கு வந்ததும் சகலைக்கு ஏதாவது ஒரு வேலை போட்டுத் தருவதாக அவரிடமே சொன்னார்.

"மரத்தைக் கொஞ்சமாவது விட்டு வைங்க. உங்க தலை மாதிரியே ஆயிடுச்சு," என்றாள் மனைவி.

மறுபடி கோடை வந்தது. தகரக் கூரை அடுப்பாகியது. கோழிகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து நின்றனவே தவிர, முட்டையைப் பற்றி நினைக்கவில்லை. விஞ்ஞானி யோசித்து, அளவுதான் குறைவு என்று கண்டுபிடித்தார். கடைசிக் கிளையும் இறங்கியது. உலர்த்த நிழல் இல்லாததால் இலையைப் படுக்கையறையில் பரப்பினார். மனைவி கூடத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள்.

தீர்ப்பு சொல்ல மாமனார் நடுப்பகலில் வந்தார். கையில் ஒரு நாற்காலி. அதைப் போட இடம் தேடிக் கொட்டகையை ஒரு சுற்று சுற்றினார்.

"மாப்பிள்ளை, இங்க ஒரு மரம் இருந்துச்சே?"

"இருக்கு மாமா. மூட்டையில இருக்கு."

மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சகலையின் கொட்டகைக்கு நடந்தார். சகலை தன் தூக்கம் கெடக் கூடாதென்று கூரைமேல் கனமாக ஓலை பரப்பியிருந்தார். உள்ளே கோழிகள் முட்டைமேல் உட்கார்ந்திருந்தன. மாமனார் நாற்காலியை அங்கேயே போட்டார். பண்ணையும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

இப்போது விஞ்ஞானியின் கொட்டகையிலும் முட்டை கூடியிருக்கிறது. மிச்சமிருந்த இலைப்பொடி மூட்டைகளை, சகலை சொன்னபடி, கூரைமேல் அடுக்கி வைத்திருக்கிறார்.