நாலு பேத்தை மீன்களும் மூன்றாம் மாடித் தண்ணீரும்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒன்பதாம் நாள், லாயிட்டுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஒரு மாதம் வேலைக்குப் போகக்கூடாது, கனமாக எதையும் தூக்கக்கூடாது, சிகரெட்டைத் தொடவே கூடாது. இருபத்திரண்டு வருடமாகப் பெங்களூர் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்து ஓடிக்கொண்டிருந்த மனிதர், பிரேசர் டவுன் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தார். மனைவி ஆஞ்சலா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பும்போது, வீட்டிலிருந்த தீப்பெட்டியையும் கைப்பையில் போட்டு எடுத்துப் போய்விட்டாள்.

டாக்டர் சொன்ன அரை மணி நேர நடைக்காகக் கீழே இறங்கியவர், வழக்கமான பெட்டிக்கடையைத் தவிர்க்க வேறு தெருவில் திரும்பினார். அங்கே ஒரு சின்ன மீன் கடை. தொட்டி ஒன்றில் கட்டைவிரல் அளவில் நாலு மீன்கள். முதுகில் மஞ்சளும் கறுப்புமாக வளையங்கள், உருண்டை வயிறு. அவர் இடப்பக்கம் நகர்ந்தால் நாலும் இடப்பக்கம் திரும்பின.

"பஃபர் சார். பேத்தை மீன்னு சொல்வாங்களே, அதுல சின்ன ஜாதி," என்றார் கடைக்காரர். "நல்ல தண்ணிலயே இருக்கும். தலைவலியே கிடையாது."

ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியோடு நாலையும் வாங்கி வந்தார். மறுநாள் விடிந்ததிலிருந்து மீன்கள் கண்ணாடியோரமாக மேலே போவதும் கீழே வருவதுமாகவே இருந்தன. ஒரு நிமிடம் நிற்கவில்லை. வெள்ளை வயிறு சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. லாயிட் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார், எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். போனில் தேடிப் படித்தபோது விஷயம் தெரிந்தது. ஆறு கடலில் கலக்கும் இடத்து உவர்நீரில் வாழ்கிற மீன்கள் இவை. நல்ல தண்ணீரில் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் ஒவ்வொன்றாகப் போகும்.

அன்றைக்கே பெரிய தொட்டி, மீன் தொட்டிக்கென்றே விற்கிற கடலுப்பு, உப்பை அளக்கும் கருவி, அடியில் பரப்பப் பவளத் துண்டுகள் எல்லாம் வாங்கினார். ஆட்டோக்காரரே மேலே தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

"அப்ப நாளைக்கு மாத்திடுவீங்களா?" என்று கேட்டாள் ஆஞ்சலா.

"முடியாதும்மா. மீன் கழிவைத் தின்னுற கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க அந்தத் தண்ணில வளரணும். அஞ்சு வாரம் ஆகும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அஞ்சு வாரம் சும்மா பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. நீங்க."

அதுவரை சின்னத் தொட்டியில் தினமும் பாதித் தண்ணீரை மாற்றியாக வேண்டும். அது ஏப்ரல் மாதம். கட்டடத்தின் போர்வெல் வற்றி, டேங்கர் வந்தால்தான் குழாயில் தண்ணீர், அதுவும் காலையில் ஒரு மணி நேரம். அதில் மீனுக்கென்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீர் சிங்க்கில் ஒழுகுவதைப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது. குடிக்க ஆகாதென்று மெஷின் ஒதுக்குகிற அந்தக் கடினத் தண்ணீர் இந்த மீன்களுக்கு ஒத்துப்போகும். சோதித்துப் பார்த்தார், சரியாக இருந்தது.

சொந்த மெஷினில் கிடைத்தது போதவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு, கனம் தூக்கக்கூடாதென்பதால் ஒரு லிட்டர் பாட்டிலில் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தார். நாளுக்குப் பதினைந்து நடை. ஆனாலும் பெரிய தொட்டி கால்வாசிகூட நிரம்பவில்லை.

மூன்றாம் மாடிக் கஸ்தூரிரங்கன் வீட்டை மட்டும் கேட்காமல் தாண்டிப் போனார். அரசாங்கத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். போன வருடம் லாயிட்டின் பால்கனிப் புகை மேலே வருகிறதென்று, கீழே கிடந்த சிகரெட் துண்டுகளைப் படம் பிடித்து, வீட்டு எண்ணோடு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். லாயிட் குரூப்பை விட்டே விலகிவிட்டார். அன்றிலிருந்து லிஃப்டில் பார்த்தாலும் பேச்சில்லை. ஆனால் ஏழு பேர் இருக்கும் வீடு அது. மெஷின் நாளெல்லாம் ஓடும்.

மீன் வாங்கிய பதினேழாம் நாள் காலையில், நாலிலும் சின்னது அடியில் செத்துக் கிடந்தது. மற்ற மூன்றும் அதைத் தாண்டி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. அதை எடுத்துச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்துவிட்டு லாயிட் நேரே பெட்டிக்கடைக்குப் போனார். ஒரு சிகரெட் வாங்கிப் பற்ற வைத்தார். பாதியில் நெஞ்சு படபடத்தது; பயம்தான். காலில் போட்டு நசுக்கிவிட்டு, வீட்டிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறி மணியை அடித்தார்.

கஸ்தூரிரங்கனே கதவைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார்.

"நிறுத்திட்டேள்னு உங்காத்துல சொன்னாளே."

"நிறுத்தித்தான் இருந்தேன் சார். இன்னிக்கு ஒண்ணு. பாதி." லாயிட் பாட்டிலை நீட்டினார். "உங்க ஆர்.ஓ. மெஷின்ல வீணாப் போற தண்ணி வேணும். மீனுக்கு."

"போன வருஷம் நான் போட்ட அந்தப் படம்..."

"அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல சார். ஆனா தண்ணி வேணும்."

கஸ்தூரிரங்கன் பாட்டிலைப் பார்த்தார். "இதுலயா மொண்டு தொட்டியை ரொப்பறேள்?"

"கனமா தூக்கக்கூடாது சார். நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு."

அவர் திரும்பி உள்ளே போனார். லாயிட் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இரண்டு படி இறங்கிவிட்டார். பின்னால், மடித்துக் கட்டிய வேட்டியும் நிறைந்த பக்கெட்டுமாகக் கஸ்தூரிரங்கன் வந்தார்.

"லிஃப்டைக் கூப்பிடுங்கோ."

அன்று மாலை பாதி சிகரெட் விஷயத்தை லாயிட் ஆஞ்சலாவிடம் சொன்னார். அவள் கைப்பையைத் திறந்து தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம், "மிச்ச மூணும் நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

தினமும் காலை ஏழு மணிக்கு மேல்மாடிப் பக்கெட் வந்தது. தொட்டி நிரம்பியது, உப்பு கரைந்தது. ஆனால் கிருமிகளுக்குப் போட்ட தீனியிலிருந்து கிளம்பும் நஞ்சைக் காட்டுகிற அமோனியா சோதனைக் குழாய் ஒவ்வொரு நாளும் பச்சையாகவே நின்றது. மஞ்சளானால்தான் மீனை விடலாம். என்ஜினீயருக்கும் பொறுமை கிடையாது. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "நேத்திக்கும் இதே பச்சைதானே. மருந்து பழசோ என்னமோ," என்பார். லாயிட் இன்னொரு தடவை சோதிப்பார். மறுபடி பச்சை. அவர் அரை நாள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும், மத்தியானம் வந்ததும் செருப்பைக் கழற்றாமல் தொட்டியிடம்தான் போனார்.

தொட்டி நிரம்பிய பிறகு ஆறாம் வாரத் தொடக்கத்தில் குழாய் மஞ்சளானது. மூன்றையும் மாற்றினார். மாலை வரை அவை பவளத் துண்டுகளுக்கு நடுவே அசையாமல் கிடந்தன. லாயிட் உட்காரவேயில்லை. விளக்குப் போடும் நேரத்தில் ஒன்று எழும்பி வந்து அவரைப் பார்த்தது. வயிறு மறுபடி வெள்ளையாகியிருந்தது.

மறுநாள் கஸ்தூரிரங்கன் குனிந்து பார்த்து, "இதுக்கெல்லாம் ஆகாரம் என்ன?" என்றார்.

லாயிட் பொய் சொல்ல விரும்பவில்லை. "நத்தை சார். ஓட்டோட கடிச்சாத்தான் பல்லு தேயும். இல்லன்னா வளந்து வாயத் திறக்க முடியாமப் போயிடும்."

கஸ்தூரிரங்கன் காலி பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் ஏழு மணிக்கு வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. லாயிட் வாசலுக்கும் தொட்டிக்குமாக நடந்தார். எட்டு மணிக்கு மணி அடித்தது. கஸ்தூரிரங்கனின் மனைவி கோமளம், கையில் ஒரு மூடிய பிளாஸ்டிக் டப்பாவோடு நின்றார்.

"எங்காத்துத் தாமரைத் தொட்டில நத்தை மண்டிக் கிடக்கு. இலை பூரா ஓட்டை. எடுத்துக் குடுன்னு அவர்தான் சொன்னார். தான் தொடமாட்டாராம்."

அதற்கு மறுநாள் அவரே பக்கெட்டோடு வந்தார். லாயிட் நத்தை டப்பாவைத் திறந்ததும் கஸ்தூரிரங்கன் எழுந்து பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். ஹாலில் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது.

"ஆச்சா?" என்றார் திரும்பாமல்.

"இன்னும் ரெண்டு இருக்கு சார்."

"சரி, ஆகட்டும்," என்று அங்கேயே நின்றார்.